இருபத்தாறு மீட்டர் மிச்சம்

துளசிமணி அக்கா தன் வீட்டுக் கூடத்தில் எனக்கு நடந்து காட்டினார். வாசலில் இருந்து பின்கதவு வரை. திரும்ப வாசல் வரை. நான் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துட்டியா? காலை இழுக்கறனா?"

"இல்லக்கா."

"தள்ளாடறனா?"

"இல்ல."

"அப்பறம் எப்படிக் கண்ணு உன்ற கம்பி முப்பத்தொண்ணுன்னு சொல்லுது?"

அவருக்கு ஐம்பத்தேழு வயது. குமாரபாளையத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். நான்கு தறிகளுக்கு நடுவில் ஓடி ஓடி, அறுந்த இழையை முடிந்து பழகிய கால்கள். கூடத்தின் நீளத்தை ஏழே தப்படியில் கடந்தார். எனக்குப் பத்து ஆகும்.

நூற்றுக்கு முப்பத்தொன்று என்பது அவருடைய நடைப்புள்ளி. அது ஓசூரில் இருக்கும் மகள் கீர்த்தனாவின் கைபேசிக்குப் போகிறது. ஐம்பதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று நான் வேலை செய்யும் இணையக் கம்பெனி ஒரு கோடு போட்டிருக்கிறது. அம்மாவும் மகளும் அந்தக் கோட்டை வைத்து ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். போன வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது செய்தது. புள்ளி ஐம்பதுக்குக் கீழே போனால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அக்கா ஓசூருக்கு வந்துவிட வேண்டும்.

"போகாதுங்கற தெகிரியத்துல ஒத்துக்கிட்டேன். சொன்னா சொன்னதுதான். ஞாயித்துக்கெழமை வண்டியோட வர்றாளாம். பன்னெண்டாவது மாடி. அங்க போயி நான் ஆரு கூடப் பேசறது? லிப்டு கூடவா?"

அன்று வியாழக்கிழமை.

"அது எப்படித்தான் கண்டுபிடிக்குது? மறுக்காச் சொல்லு," என்றார்.

"கம்பிக்குள்ள கண்ணாடி இழை இருக்குது. அதுக்குள்ள வெளிச்சம் போயிட்டே இருக்கும். நீங்க தரையில கால் வெச்சா வீடு துளி அதிரும். வீடு அதிர்ந்தா கம்பி அதிரும். அப்ப வெளிச்சத்துல கொஞ்சூண்டு திரும்பி எங்க ஆபீசுக்கு வரும். அதை வெச்சு மெசின் எண்ணும்."

"ஊரெல்லாம் தறி ஓடுதே?"

"தறி ஒரே மாதிரி அடிக்கும். அதைக் கழிச்சிரும். மனுசங்க ஒரே மாதிரி நடக்க மாட்டாங்க."

"பேசறதும் கேக்குமா?"

"கேக்காதுன்னு கம்பெனி சொல்லுது."

"நீ என்ன சொல்ற?"

"எனக்குத் தெரியாதுக்கா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இஞ்சினீயரிங் படிச்சவன்தான நீ?" என்றார்.

அந்தச் சேவைக்குத் துணை என்று பெயர். எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருடம். இணைய இணைப்போடு சேர்த்தே விற்கிறோம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் ஒரு பச்சைப் பொட்டைப் பார்க்கலாம். பொட்டு நகர்ந்தால் அம்மா நடக்கிறார் என்று அர்த்தம். ஆறு மாதம் நடையைப் பழகிக்கொண்டபின் நடைப்புள்ளியும் வர ஆரம்பிக்கும்.

ஊர் கொஞ்சம் மாறித்தான் போனது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நடைப்புள்ளியும் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பொய் சொல்ல முடிவதில்லை. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே இடத்தில் நின்று தரையை மிதிக்கிறார். மகன் கனடாவில் இருக்கிறான். புள்ளி குறைந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவானோ என்று அவருக்குப் பயம்.

கீர்த்தனா முன்பு தினமும் அம்மாவிடம் பேசுவாராம். பொட்டு வந்தபின் அது வாரம் ஒருமுறை ஆனது. பிறகு மாதம் ஒருமுறை.

"கேட்டா, 'அதான் நீ நடக்கறயே, பாத்துட்டுத்தான இருக்கேன்'ங்கறா," என்றார் அக்கா. "ஒருத்தி நடக்கறதப் பாத்தா அவ சாப்பிட்டாளான்னு தெரியுமா?"

ஏணியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் என்பது காவிரிப் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு மாடி அறை. ஜாபர் அண்ணன் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் கம்பம் ஏறியவர். முதுகு பிடித்துக்கொண்டபின் நாற்காலிக்கு வந்துவிட்டார். எந்த வீட்டில் யார் எழுந்தார்கள், யார் படுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டார்.

"முப்பத்தொண்ணா? அதெல்லாம் ஆபரேசன் முடிஞ்சு வந்தவங்களுக்கு வர்றதுப்பா," என்று சொல்லிக்கொண்டே அக்கா வீட்டு அதிர்வுக் கோடுகளைத் திரையில் திறந்தார். படிக்க ஆரம்பித்தவர் மெல்லச் சத்தத்தைக் குறைத்தார்.

"காத்தால அஞ்சுக்கு எந்திரிக்கறாங்க. சமையக்கட்டுக்குப் போறாங்க. அங்கயே நின்னுக்கறாங்க. எவ்வளவு நேரம் பாரு, நாப்பது நிமிசம். ஒண்ணும் பண்றதில்ல. திரும்பி வந்தர்றாங்க. காலத் தூக்கி வெக்கறதே இல்ல, தேச்சுட்டே போறாங்க. சாயங்காலம் வாசக்கதவு வரைக்கும் போறாங்க. தொறக்காமத் திரும்பிடறாங்க."

"தினமுமா?"

"தினமும். பாவம்ப்பா. வெளிய காட்டிக்கறதில்ல போல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியில் நன்றாக இருப்பவர்கள் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஓசூரே நல்லதோ என்றுகூட நினைத்தேன். ஆனால் ஏழே தப்படியில் கூடத்தைக் கடந்த அந்தக் கால்களை நான் பார்த்திருந்தேன். அது கணக்கில் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போய், கூடத்தின் நடுவில் அவரை நிறுத்தினேன். ஜாபர் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"மிதிக்கச் சொல்லு," என்றார்.

அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏழு தடவை மிதித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

"என்னண்ணா?"

"ஒண்ணும் வரலியே. அவங்க வீடு அப்படியே கெடக்குது. இரு இரு. உன்ற வீட்டுல ஆரு இருக்கறாங்க?"

"ஆரும் இல்லண்ணா. பூட்டிட்டு வந்திருக்கேன்."

"தங்குதங்குன்னு ஆடறாங்களேப்பா. ஏழு. இப்ப நின்னுட்டாங்க."

என் வீடு எதிர் வீடு. ஜன்னல் வழியே பூட்டு தெரிந்தது.

"அக்கா, இப்ப மூணு மிதிங்க."

மிதித்தார்.

"மூணு," என்றது கைபேசி. "உன்ற வீட்டுல."

நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். அக்காவும் பின்னால் வந்தார். கைப்பிடிச் சுவரில் ஓர் ஆணியில் கறுப்புக் கம்பி வளையமாகச் சுருட்டித் தொங்கியது. எட்டு மாத வெயிலில் அதன் மேல்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. நான் சுருட்டியதுதான்.

எங்கள் வேலையில் கம்பியை வெட்ட மாட்டோம். வீட்டு இணைப்புக்கான கம்பி அளவு வாரியாகச் சுருளாக வரும். இரண்டு பக்கமும் முனை போட்டே வரும். வெட்டினால் முனை போய்விடும். அதனால் மிச்சத்தைச் சுருட்டி ஏதாவது ஓர் ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிவிடுவோம். ஊரில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் அந்த வளையங்கள் தொங்கும்.

அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில்தான் கம்பி இழுத்தேன். அக்கா வீட்டுக்குக் கம்பத்தில் இருந்து நேராக அறுபது மீட்டர். என் வீட்டுக்கு மூலைக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு எண்பத்தாறு மீட்டர். ரெஜிஸ்டரில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூலைக் கம்பத்தில் காக்கை கூடு கட்டியிருந்தது. ஏணி வைத்தால் கொத்த வந்தது. அக்காவின் மாடி வழியாகக் கொண்டு போனால் என் வீட்டுக்கும் அறுபதே போதும். அடுத்தவர் மாடி மேல் கம்பி போனால் அந்த வீட்டுக்கு இணையம் இலவசம், அது இங்கே வழக்கம். அக்கா உடனே சரி என்றார். என் கைக்கு முதலில் வந்தது அறுபது மீட்டர்ச் சுருள். அதை என் வீட்டுக்கு இழுத்துத் தொய்வு பார்த்துப் பிடியில் இறுக்கினேன். அக்காவுக்கு எண்பத்தாறு மீட்டர்ச் சுருளைப் போட்டு, மிச்சம் இருபத்தாறைச் சுவரில் மாட்டினேன். ரெஜிஸ்டரைத் திருத்தவில்லை.

இதெல்லாம் நடந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில் இருப்பது காக்கை மட்டும். என் மனைவி பிரதிபா நான்கு நாள் காய்ச்சலில் இறந்து அப்போது இருபது நாள் ஆகியிருந்தது. நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தத் தெருவுக்கு வந்திருந்தேன். அந்த நாட்களில் வேலையைக் கைதான் செய்தது.

"என்ன கண்ணு, கம்பியவே பாத்துட்டு நிக்கற?"

"மெசினுக்கு வீடு தெரியாதுக்கா. தூரம்தான் தெரியும். இத்தனை மீட்டர்னா இந்த வீடுன்னு எழுதி வெச்சிருக்குது. நான் கம்பிய மாத்திப் போட்டுட்டேன். உங்க வீட்ட என் வீடுன்னு நெனச்சுட்டு இருக்குது."

"அப்ப அந்த முப்பத்தொண்ணு ஆருது?"

"எதுத்த வீட்டுது."

"எதுத்த வீடு உன்றது."

"ஆமா."

அக்கா கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏணி வழியில நிக்குது. எடுத்து வெய்யி," என்று கீழிருந்து குரல் வந்தது.

கைபேசி இன்னும் இணைப்பில் இருந்தது.

"பூபதி," என்றார் ஜாபர் அண்ணன்.

"சொல்லுங்கண்ணா."

"நாப்பது நிமிசம் அங்க நின்னுட்டு என்னடா பண்ற?"

"தெரியலண்ணா."

"மத்தியானம் நம்மூட்டுக்குச் சாப்பிட வா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ரெஜிஸ்டரில் இரண்டு பெயர்களை மாற்றி எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் பழைய புள்ளி அழியாது. மெஷின் புதிதாக ஆறு மாதம் நடையைப் பழகிய பிறகுதான் சரியான எண் வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கீர்த்தனாவிடம் நேரில் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. முப்பத்தொன்று யாருடையது என்றும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று தெருவில் வந்து நின்றது. கீர்த்தனா முன்சீட்டில் இருந்து இறங்கினார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கும். அக்காவின் நடை அப்படியே இருந்தது.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அக்கா கூடத்தில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பூபதி," என்றார் கீர்த்தனா. "அம்மாவுக்கு இங்க இருந்து கிளம்ப மனசில்ல. நீங்க எதுத்த வீடு. அவங்க கேட்டா இந்த மாதிரி ஏதாச்சும் சொல்லத்தான செய்வீங்க."

"நான் எதுக்குடீ இவனக் கேக்கறேன்? பொய் சொல்றதுன்னா நானே சொல்ல மாட்டனா?" என்றார் அக்கா.

"அதுவும் சரிதான். அதனாலதான் நம்ப மாட்டேங்கறேன்."

"நான் என் வீட்டுக்குப் போய் நடக்கறேன்," என்றேன். "அம்மா இங்கயே உக்காரட்டும். நீங்க போனப் பாருங்க. பொட்டு நகந்தா அது அம்மா இல்ல."

தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன். யாரோ பார்க்கிறார்கள் என்பதால் நிமிர்ந்து நடந்தேன். முன்னறையில் இருந்து ஜன்னல். ஜன்னலில் இருந்து முன்னறை. மூன்று சுற்று கணக்கு வைத்திருந்தேன். பிறகு கணக்கு விட்டுப்போனது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன் என்று நினைக்கிறேன்.

வாசலில் நிழல் விழுந்தபோது திரும்பினேன். இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கீர்த்தனாவின் கையில் கைபேசி இருந்தது.

"பதினோரு நிமிசம்," என்றார் மெதுவாக. "நீங்க நின்னு பதினோரு நிமிசம் ஆச்சு."

"தண்ணி குடிக்க வந்தேன்," என்றேன். கையில் டம்ளர் இல்லை.

அக்கா உள்ளே வந்து மேடையைப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுப்பில் தூசி. "பால் காச்சற பாத்திரம் எங்க?" என்றார். தேடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். பிரதிபா வாங்கிய பாத்திரம் அது. பெட்டியில் இருந்து நான் எடுக்கவே இல்லை. அவர் தேய்க்கும் சத்தம் கேட்க நன்றாக இருந்தது.

கீர்த்தனா இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசியைப் பார்த்தபடியே பேசினார்.

"எட்டு மாசமா காத்தால எந்திரிச்சதும் இதத்தான் பாக்கறேன். அம்மா ஏன் இவ்வளவு நேரம் சமையக்கட்டுல நிக்கறா, என்ன நெனச்சுட்டு நிக்கறான்னு. அப்பாவ நெனச்சுக்கறாளோன்னு கூட. போன் பண்ணிக் கேக்கலாம்னு தோணும். என்னன்னு கேக்கறது? நீ எதுக்கு நிக்கறேன்னா? பேசாம கூட்டிட்டு வந்தர்லாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"கேட்டிருந்தா, நிக்கவே இல்லடீன்னு சொல்லியிருப்பேன்ல," என்றார் அக்கா, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே.

வெளியே வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"வண்டிய அனுப்பிர்றேன்," என்றார் கீர்த்தனா.

"அவருக்கு ரெண்டு தோசை சுட்டுக் கொடுத்துட்டு அனுப்பு. அவ்வளவு தூரம் வந்திருக்காரு."

"ரெஜிஸ்டர நாளைக்குத் திருத்திடறேன்," என்றேன். "இனிமே அம்மாவோட பொட்டே உங்களுக்கு வரும்."

"திருத்தாத," என்றார் அக்கா.

"அம்மா!"

"இப்படியே இருக்கட்டும்."

"அப்ப உன்னப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணு. தெரியும்."

"நீ விழுந்துட்டா?"

"என்ற பொட்டு இவன் போன்ல வரட்டும். விழுந்தா எதுத்த வீட்டுல இருந்து ஓடி வந்துருவான். ஓசூர்ல இருந்து நீ வர்றதுக்குள்ள நானே எந்திரிச்சுக் காப்பி வெச்சுக் குடிச்சிருவேன்."

"என் போன்ல?"

"இவன் வரட்டும். எட்டு மாசமா இவனத்தான அம்மான்னு பாத்துட்டு இருந்த."

கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

என்னிடம் எவரும் எதற்கும் சம்மதம் கேட்டு நாளாகியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். சொல்ல மறுப்பு ஒன்றும் இல்லை.

"சரிங்க," என்றேன்.

ரெஜிஸ்டரை நான் திருத்தவில்லை. வேலையில் சேர்ந்தபின் தெரிந்தே செய்த முதல் தவறு அது. ஜாபர் அண்ணனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டார்.

நான் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் ஓசூரில் கைபேசி அதிரும். கீர்த்தனா அம்மாவைக் கூப்பிடுவார். அக்கா என் கதவைத் தட்டுவார். "ஓசூர்ல இருந்து ஆர்டர் வந்திருக்குது. நகரு," என்பார். சில நாள் காலையில் இரண்டு தடவை நடக்கும். தட்டிவிட்டுச் சும்மா போக மாட்டார். தெருமுனைக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். போகிற வழியெல்லாம் கீர்த்தனாவோடு பேசிக்கொண்டே வருவார். முதல் வாக்கியம் மட்டும் என்னைப் பற்றி இருக்கும். பிறகு சட்னி, சம்பளம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று நீண்டுவிடும். மாதம் ஒருமுறை பேசியவர்கள் இப்போது தினமும் பேசுகிறார்கள். என் கைபேசியில் அக்காவின் பொட்டு நிற்பதே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் நானே அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. வாசம் எதிர் வீடு வரை போனதில், கூப்பிடாமலே அக்கா வந்துவிட்டார். குக்கரைப் பிடுங்கினார். மேடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் போய்ப் போய் வந்தார். வெங்காயம் உரிக்கச் சொல்லி என்னைத் திட்டினார்.

அப்போது கீர்த்தனாவிடம் இருந்து ஒரு படம் வந்தது. துணை அவருக்கு அனுப்பியிருந்த செய்தி. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

சத்தமாகப் படித்தேன். "உங்கள் தாயாரின் வீட்டில் விருந்தினர் ஒருவர் வந்திருக்கிறார். பெண். விரைவான நடை. வயது சுமார் நாற்பத்திரண்டு."

"ஆரு அது?"

"நீங்கதாங்க்கா."

கரண்டி அப்படியே நின்றது. "எத்தனைன்னு போட்டிருக்குது?"

"நாப்பத்திரெண்டு."

அடுப்பைச் சிறிதாக்கினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க, இன்னொருக்கா படி."

படித்தேன்.